ரவுட்டரைத் தண்ணீர்த் தாங்கியில் ஏற்றியது யார்?

1980களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிலிருக்கும். வீட்டுக்கு வீடு இரும்புக் குழாய்கள் முகட்டுக்கு மேலே உயர்ந்து நின்றன. அவற்றின் உச்சியில் மீன்முள்ளைப் போன்ற அன்ரனாக்கள். ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தபோதிலும், நம்மவர்களின் அன்ரனாக்களில் பல கடலுக்கு அப்பால் இந்தியாவின் பக்கமே திரும்பியிருந்தன. காற்றடித்துப் படம் கலங்கினால் வீட்டில் ஒருவர் முற்றத்துக்கு ஓடிப்போய்க் குழாயைத் திருப்புவார். இன்னொருவர் யன்னலடியில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆ… விடு, விடு" என்று சத்தமிடுவார்.

அந்தக் காலத்தில் ஒரு விடயத்தை எவருக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. உயரத்துக்கு ஏற வேண்டியது அன்ரனா. தொலைக்காட்சிப் பெட்டி மண்டபத்தின் மூலையில், பூவேலை செய்த துணியினால் மூடப்பட்டுப் பத்திரமாக இருந்தது. படம் தெளிவில்லை என்பதற்காகப் பெட்டியையே தூக்கிக்கொண்டுபோய்ப் பனைமரத்தில் கட்டியவர் எவரையும் நான் அறியேன்.

நாற்பது ஆண்டுகள் கழித்து நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். எங்கள் கிராமங்களின் வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர்த் தாங்கியின் மேலே கவிழ்த்து வைக்கப்பட்ட பிளாஸ்டிக் வாளி, மாமரக் கிளையில் தொங்கும் பொலித்தீன் பை, கூரைச் சிலாகையில் கட்டப்பட்ட ஐஸ்கிறீம் பெட்டி. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு வெள்ளை ரவுட்டர் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். வீட்டினுள் மேசையில் வைப்பதற்கென்று செய்யப்பட்டு, வீட்டினுள் பயன்படுத்துவதற்கென்று விற்கப்பட்ட பெட்டி அது. அதை வெயிலிலும் மழையிலும் கொண்டுபோய் வைத்தது யார் என்பதுதான் இன்றைய கேள்வி.

"சனங்கள்தானே வைத்தார்கள்" என்று அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட வேண்டாம். முதலில் என் சொந்தக் கதையைக் கேளுங்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, ஊரடங்கு அமுலான நாட்களில் நான் வடமராட்சியில் எங்கள் பழைய வீட்டில் இருந்தேன். ஓர் எழுத்தாளனுக்கு இணையம் இல்லாவிட்டாலும் காலம் கழியும். ஆனால் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் முகவரிடம் 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். எங்கள் கிராமத்தின் பெயரைக் கேட்ட முகவர், "அங்கே கவரேஜ் இருக்கிறது ஐயா" என்று சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார். வரைபடத்தில் குடாநாடு முழுவதும் ஒரே நிறத்தில் பளபளத்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. உதவிச் சேவைக்கு அழைத்தபோது, "யன்னலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்" என்றார்கள். வைத்தேன். மறுநாள், "மேல்மாடி இருந்தால் அங்கே வையுங்கள்" என்றார்கள். எங்கள் வீட்டுக்கு மேல்மாடி இல்லை. தண்ணீர்த் தாங்கிதான் உண்டு. "அப்படியென்றால் உயரமான இடத்தில் வைத்துப் பாருங்கள் சேர்" என்றது குரல். அந்தக் குரலுக்குரிய பிள்ளை மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட தாளில் அவ்வளவுதான் எழுதியிருந்திருக்கும். ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியை வெளியே எடுத்துச் செல்லுமாறு சொன்னது அதை விற்ற நிறுவனமே.

தாங்கியின் மேல் வைத்தவுடன் இணையம் வந்தது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சமிக்ஞையின் வலிமையை ஓர் எதிர்மறை எண்ணாகக் காட்டுவார்கள். மேசையில் −117 ஆக இருந்தது தாங்கியின் மேல் −97 ஆகியது. இருபதுதானே வித்தியாசம் என்று எண்ணக்கூடாது. இந்த அளவுகோலில் ஒவ்வொரு பத்தும் பத்து மடங்கு. ஆகவே இருபது என்றால் நூறு மடங்கு. ஓட்டுக் கூரையும் கொங்கிறீற்றுச் சுவரும் சுற்றியிருக்கும் தென்னைகளும் சேர்ந்து விழுங்கிய அலை அது.

மழைக்கு என்ன செய்வது? பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பிஸ்கட் பேணி ஒன்றினுள் ரவுட்டரை வைத்து மூடியையும் மூடினேன். வந்த இணையம் அந்தக் கணமே போய்விட்டது. தகரத்துக்குள் வானலை புகாது என்ற சின்ன உண்மையை, பல தசாப்தங்கள் பத்திரிகையில் விஞ்ஞானச் செய்திகளையும் எழுதிய ஒருவன் அந்த வயதில்தான் அனுபவித்து அறிந்துகொண்டான். பின்னர் வாளிக்கு மாறினேன். வாளிக்குள் நண்பகலில் கையை வைத்தால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்ததைப் போலிருந்தது. பிற்பகல்களில் ரவுட்டர் தானாக நின்று தானாக எழுந்தது. ஒக்ரோபர் மாதத்தில் ஒரு மாலை இடி விழுந்தது. தாங்கியில் அல்ல, இரண்டு வளவு தள்ளி ஒரு தென்னையில். ரவுட்டர் இறந்தது, அதிலிருந்து வீட்டினுள் இழுத்திருந்த வயரின் வழியாக என் கணினியும் இறந்தது.

உத்தரவாதக் காலம் முடிந்திருக்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரங்களின் பின்னர் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. வெளியிடத்தில் பாவித்ததனால் ஏற்பட்ட சேதத்துக்கு உத்தரவாதம் செல்லுபடியாகாது என்பது அதன் பொருள். உயரத்தில் வை என்று வாயால் சொன்னவர்கள், உயரத்தில் வைத்தது உன் குற்றம் என்று எழுத்தில் சொன்னார்கள். வாய்ச்சொல் தமிழிலும் எழுத்து ஆங்கிலத்திலும் வந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இழப்பு பணத்தோடு போயிற்று. அதற்காக மாத்திரம் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை இருந்தாள். அவர்கள் வீட்டிலும் ரவுட்டர் தாங்கியின் மேல்தான் இருந்தது. அதற்கு மின்சாரம் கொடுப்பதற்காக நீட்டிப்பு வயர் ஒன்றைச் சுவரின் மேலாக இழுத்து, பிளக்கை ஒரு சொப்பிங் பையினால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். 2021இல் ஒரு மழைநாளில் வகுப்பின் நடுவே இணைப்பு அறுந்தது. பிளக்கைச் சரிபார்க்க ஈரக் காலோடு ஏணியில் ஏறிய பிள்ளை மின்சாரம் தாக்கிக் கீழே விழுந்தாள். வீட்டிலிருந்த ட்ரிப் சுவிட்ச் வேலை செய்தது. கை முறிந்ததோடு தப்பினாள். அந்தச் சுவிட்ச் இல்லாத பழைய வீடுகள் எங்கள் ஊரில் எத்தனையோ உண்டு.

அன்றிலிருந்து எனக்கு அந்த வாளிகளைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை.

இப்போது, இதில் தவறு எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ரவுட்டர் என்று நாம் அழைக்கும் பெட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது. தூரத்திலுள்ள கோபுரத்தோடு பேசுவது ஒன்று. வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகளோடும் கணினிகளோடும் வை-பை மூலம் பேசுவது மற்றையது. முதலாவது வேலைக்கு உயரமும் வெளியும் தேவை. இரண்டாவதுக்கு வீட்டின் நடுப்பகுதியே பொருத்தமான இடம். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்றுவிட்டு, அதை எங்கே வைப்பது என்று வாங்கியவனைத் தலையைப் பிய்த்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். தாங்கியில் ஏற்றினால் கோபுரம் தெரிகிறது. ஆனால் கொங்கிறீற்றுத் தட்டு வை-பையைத் தடுக்கிறது. அதிலும் இந்தச் சிறிய அன்ரனாக்கள் பக்கவாட்டில் பரப்பும் அளவுக்கு நேர் கீழே பரப்புவதில்லை. அதனால்தான் ரவுட்டர் கூரையிலிருக்கப் பிள்ளைகள் முற்றத்தில் மாமரத்தடியில் இருந்து படிக்கிறார்கள்.

வீட்டுப் பாவனைக்குரிய ரவுட்டர்களில் பெரும்பாலானவை 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலைக்கு உரியவை என்று அவற்றின் தாளிலேயே எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் மூடிய வாளிக்குள் இந்த எல்லை எத்தனை மணிக்குக் கடந்துபோகும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதன் காற்றுத் துளைகள் வெப்பம் வெளியேறுவதற்காக உள்ளவை. அவற்றை மூடினால் பெட்டி வெந்துபோகும், திறந்தால் தூறல் புகும். கரையோரக் கிராமங்களில் உப்புக்காற்று பொருத்திகளைச் சில மாதங்களில் அரித்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மழையில் நனையும் ஓரிடத்துக்கு 230 வோல்ற்று மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் நீட்டிப்பு வயர். ரவுட்டர் போனால் இன்னொன்று வாங்கலாம்.

சரியான வழி என்ன? அது ஒன்றும் விண்வெளி இரகசியம் அல்ல. வெளியில் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவிகள் உலகம் முழுவதும் விற்பனையாகின்றன. அன்ரனாவையும் கோபுரத்தோடு பேசும் பகுதியையும் நீர்புகாத ஒரே பெட்டியில் வைத்து மூடியிருப்பார்கள். அதன் மேல் ஐபி 65, ஐபி 67 என்று ஏதாவது எழுதியிருக்கும். முதல் இலக்கமான 6 தூசி புகாது என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது இலக்கம் தண்ணீருக்குரியது. 5 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் பாய்ச்சப்படும் நீரைத் தாங்கும்; 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் தாங்கும். இந்தப் பெட்டியிலிருந்து வீட்டுக்குள் ஒரேயொரு வலையமைப்பு வயர் மாத்திரம் வரும். அந்த வயரே மின்சாரத்தையும் மேலே கொண்டுசெல்லும். அதற்கான பொதுத் தரம் 2003இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஏறக்குறைய 48 வோல்ற்று நேர்மின்சாரம், 100 மீற்றர் வரை செல்லலாம். உயரத்தில் 230 வோல்ற்று இல்லை, பிளக் இல்லை, சொப்பிங் பை இல்லை. வீட்டின் நடுவில் மேசை மீது சாதாரண வை-பை ரவுட்டர் குளிர்ச்சியாக இருக்கும். 1980களின் தொலைக்காட்சி ஏற்பாடும் இதுதான். அன்ரனா வெளியே, பெட்டி உள்ளே.

இதனோடு செய்ய வேண்டிய சின்ன வேலைகள் சில உண்டு. வெளிப் பாவனைக்குரிய, சூரிய ஒளியைத் தாங்கும் உறையுள்ள வயரையே இழுக்க வேண்டும். வீட்டுக்குள் பாவிக்கும் வயரின் உறை வெயிலில் வெடித்துவிடும். சுவரினுள் நுழையுமுன் வயரை ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலே எடுக்க வேண்டும்; வழிந்துவரும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். குழாய்க்குப் புவித்தொடுப்புக் கொடுத்து, வயரில் மின்னற் பாதுகாப்பி ஒன்றையும் பொருத்த வேண்டும். நேரடியாக விழும் இடியை எந்தப் பாதுகாப்பியும் தடுக்காது. ஆகவே இடை மழைக்காலங்களில், அதாவது மார்ச் - ஏப்ரலிலும் ஒக்ரோபர் - நவம்பரிலும், வானம் கறுத்து இடிமுழக்கம் கேட்கத் தொடங்குமுன்பே மின்சார பிளக்கோடு அந்த வலையமைப்பு வயரையும் கழற்றிவிட வேண்டும். பிளக்கை மாத்திரம் கழற்றுபவர்கள் என் கணினியின் கதையை நினைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு முன்னெச்சரிக்கை. ரவுட்டர் வெளியே போனதும் அதன் வை-பை ஒழுங்கை முழுவதும் பரவத் தொடங்கும். அயலவருக்குக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் கடவுச்சொல் இல்லாமல் திறந்துவிடுவது நல்லதல்ல. சிம் அட்டை யாருடைய அடையாள அட்டை இலக்கத்தில் பதிவாகியிருக்கிறதோ, கதவைத் தட்டுபவர்கள் அவருடைய கதவையே தட்டுவார்கள். வடக்கு, கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இவை எல்லாம் தெரிந்த விடயங்கள். நிறுவனங்களின் பொறியியலாளர்களுக்கு என்னைவிட நூறு மடங்கு தெரியும். அப்படியிருக்க, சமிக்ஞை வீட்டினுள் வராத கிராமத்தில் வீட்டினுள் வைக்கும் பெட்டியை விற்பது எதனால்? அதுதான் மலிவு, அதுதான் கையோடு கொடுத்தனுப்பக் கூடியது, அதற்குக் கூரையில் ஏற ஓர் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. செலவின் மீதி, ஆபத்தின் மீதி, மூளையைக் கசக்கும் வேலையின் மீதி எல்லாம் வாடிக்கையாளரின் தலையில் இறங்குகின்றன. கடையில் கொடுத்த விலையோடு வாளியையும் வயரையும் ஏணியையும் அந்தப் பிள்ளையின் கையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், மலிவு யாருக்கு என்பது விளங்கும்.

அரசாங்கத்தின் பங்கு என்ன? இலங்கையில் தொலைத்தொடர்புகளை ஒழுங்குபடுத்துவதற்கென 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும், 1996இல் அதைத் திருத்தி உருவாக்கப்பட்ட ஆணைக்குழுவும் உள்ளன. வானலைகள் மக்களின் சொத்து. அதை நிறுவனங்களுக்கு அனுமதிப்பத்திரத்தின் பேரில் கொடுப்பது அரசு. ஒவ்வொரு கட்டணப் பட்டியலிலும் வரியை வசூலிப்பதும் அரசு. ஆனால் அந்த அலை வாடிக்கையாளரின் மேசை வரை வந்து சேர்ந்ததா என்று கடையில் பார்ப்பவர் எவருமில்லை.

மாறாக நமக்குக் காட்சிகள் காட்டப்பட்டன. 2015இல் பொது இடங்களில் இலவச வை-பை என்று 26 இடங்களில் தொடங்கினார்கள். புகையிரத நிலையங்கள், வைத்தியசாலைகள் என்று சமிக்ஞை ஏற்கெனவே உள்ள இடங்களுக்கே முன்னுரிமை கிடைத்தது. அதே 2015இல் கூகுளின் பலூன்கள் வானத்திலிருந்து முழு நாட்டுக்கும் இணையம் தரப்போகின்றன என்று ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2016 பெப்ரவரியில் பரீட்சார்த்தப் பலூன் ஒன்று கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியதைப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. இலங்கையில் அது ஒரு சேவையாக மாறவேயில்லை. 2021 ஜனவரியில் அந்தத் திட்டத்தையே மூடுவதாக நிறுவனம் அறிவித்தது.

அதே 2021இல், பதுளை மாவட்டத்தில் என்ன நடந்தது என்பதை உலகச் செய்தி நிறுவனங்கள் படமெடுத்துக் காட்டின. பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியையும் இணையவழி வகுப்புக்காகக் காட்டுவழியே நடந்து ஒரு பாறையின் உச்சிக்கு ஏறினார்கள். லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் மலையுச்சியில் மரத்தின் மேல் கட்டிய குடிலில் இருந்து படித்தார்கள். கிராமங்களுக்குக் கோபுரங்கள் அமைக்கும் அரச திட்டம் 2020இன் இறுதியில் ஆரம்பிக்கப்பட்டதை மறுக்கவில்லை. கோபுரங்கள் எழுந்த இடங்களில் நிலைமை மாறியும் இருக்கிறது. ஆனால் கோபுரத்துக்கும் மேசைக்கும் இடையிலுள்ள கடைசி மைல் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தாக்கியபோது மலையகத்தின் பல பகுதிகள் தொடர்பற்றுப் போயின. தன் உறவினர் உயிரோடிருக்கிறாரா என்று அறிய முடியாமல் தவித்தவர்களிடம் போய், இணையம் ஓர் ஆடம்பரம் என்று சொல்லிப் பாருங்கள்.

"கிராமத்தில் வருமானம் குறைவு, நிறுவனங்கள் என்ன தர்மத்துக்கா நடத்துகின்றன?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு மூன்று இடங்களைக் காட்ட விரும்புகிறேன்.

முதலாவது நேபாளத்தின் மியாக்தி மாவட்டத்திலுள்ள நாங்கி. மஹாபீர் புன் என்ற ஆசிரியர், மாவோவாதிகளுக்கும் அரசுக்கும் இடையே போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 2002 அளவில் அந்த மலைக்கிராமத்துக்குக் கம்பியில்லா இணைப்பைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் மரங்களிலும் அன்ரனாக்களைக் கட்டினார்கள். ஆனால் கட்டியது அதற்கென்ற கருவிகளை, அதற்கென்ற திட்டத்தோடு. 2007இல் அவருக்கு மக்சேசே விருது வழங்கப்பட்டது.

இரண்டாவது தமிழ்நாட்டின் தேனி. அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுற்றுவட்டாரக் கிராமங்களின் சிறு பார்வை நிலையங்களை நீண்டதூர வை-பை மூலம் 2000களின் நடுப்பகுதியில் இணைத்தது. கிராமத்து மூதாட்டி ஒருத்தி பஸ் ஏறாமலேயே தேனியிலுள்ள மருத்துவரிடம் முகம் பார்த்துப் பேச முடிந்தது. வை-பை என்பது வீட்டு மண்டபத்தோடு முடிவது என்று எண்ணுபவர்களுக்கு இன்னொரு தகவல். 2007இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியத்ரோசெமோலி என்ற பேராசிரியரின் குழு, அதே தொழில்நுட்பத்தைச் சற்று மாற்றி 382 கிலோமீற்றர் தூரத்துக்கு இணைப்பை ஏற்படுத்திக் காட்டியது. அவர்களும் அன்ரனாவைத்தான் மலையில் ஏற்றினார்கள்.

மூன்றாவது நம் நாட்டிலேயே, அநுராதபுர மாவட்டத்தில் வில்பத்துக் காட்டோரத்திலுள்ள மகாவிலச்சிய. போரின் பயத்தில் வாழ்ந்த ஒரு சிங்களக் கிராமம். ஆங்கிலம் கற்பித்த ஓர் இளம் ஆசிரியரின் முயற்சியால் 2006இல் அந்தக் கிராமத்தின் வீடுகள் கம்பியில்லா வலைப்பின்னல் ஒன்றினால் இணைக்கப்பட்டன. ஏழை விவசாயிகளின் வீடுகள் அவை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் காட்டோரத்தில் முடிந்த ஒன்றை இன்று செய்ய முடியாது என்றால், முடியாமல் இருப்பது தொழில்நுட்பம் அல்ல.

ஆகவே கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். வீட்டுக்கு வந்து சமிக்ஞையை அளந்து பார்த்த பின்னரே இணைப்பை விற்க வேண்டும். அல்லது இரண்டு வாரங்களுக்குள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். வீட்டினுள் அலை வராத இடத்தில் வெளிப்புற அலகைத் தவணை முறையிலாவது கொடுத்து, நிறுவனத்தின் ஆட்களே வந்து குழாய் நட்டு, புவித்தொடுப்போடு பொருத்திக் கொடுக்க வேண்டும். உத்தரவாத நிபந்தனைகள் வாடிக்கையாளரின் மொழியில் இருக்க வேண்டும். வாயால் கொடுத்த அறிவுரைக்கும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். ஒரே நிறத்தில் பளபளக்கும் வரைபடங்களுக்குப் பதிலாக, வீட்டினுள் வருமா வெளியில் மட்டுமா என்று கிராமவாரியாகக் காட்டும் வரைபடங்களை ஆணைக்குழு வெளியிட வேண்டும். பிரதேச சபைகள் வாசிகசாலைகளின் கூரையில் முறையான ஓர் அன்ரனாவை அமைத்தால், தாங்கியில் ஏறும் பிள்ளைகளில் பாதிப்பேர் கீழே இறங்குவார்கள்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் இணையம் இல்லை என்று கேட்டதும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நல்ல மனதோடு ரவுட்டர் வாங்கி அனுப்புகிறீர்கள். இலங்கையின் 4ஜி சேவையில் 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு முக்கிய இடம் உண்டு. வட அமெரிக்க வலையமைப்புகளுக்கென்று செய்யப்பட்ட சில பெட்டிகள் அந்த அலைவரிசையை அறியாதவை. எங்கள் உறவினர் ஒருவருக்கு வந்த விலை உயர்ந்த கனடாப் பெட்டி இன்று தொலைபேசிப் புத்தகங்களின் மேல் பாரமாக இருக்கிறது. அனுப்புவதானால் அலைவரிசையைப் பார்த்து, வெளிப்புற அலகாகப் பார்த்து அனுப்புங்கள். அத்தோடு ஒரு நல்ல மின்னியலாளரின் ஒருநாள் கூலியையும் அனுப்புங்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை இலங்கைக்கு வந்தது. அதன் தட்டு கூரையில், ரவுட்டர் வீட்டினுள் என்பதைப் படத்தைப் பார்த்தாலே அறியலாம். வசதியுள்ளவனுக்கு முறையான ஏற்பாட்டோடு வருவது, வசதியற்றவனுக்கு வாளியோடு வருகிறது.

கடைசியாக, நம்மைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1990களின் முற்பகுதியில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஒருவர் மிதிக்க, பத்துப் பேர் சூழ்ந்திருந்து பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸையும் கேட்ட அந்த நாட்களை நினைத்தால் எனக்கும் பெருமைதான். நானும் மிதித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சாமர்த்தியத்தை நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. முற்றுகை அதை எங்கள் மீது சுமத்தியது. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளின் பின்னரும், பணம் கொடுத்து வாங்கிய சேவைக்காகப் பிள்ளைகளைக் கூரையில் ஏற்றிவிட்டு, "எங்கட சனம் எதையும் சமாளிக்கும்" என்று புகழ்ந்துகொள்வது சரியல்ல. சமாளிக்கத் தெரிந்தவனிடம் எவனும் கணக்குக் கொடுப்பதில்லை.

கை முறிந்த அந்தப் பிள்ளை பரீட்சையை எழுதினாள்; நல்ல பெறுபேறும் பெற்றாள். அவளைச் சந்தித்தபோது, "தாங்கியில் இப்போதும் ரவுட்டர் இருக்கிறதா?" என்று கேட்டேன். "இருக்கிறது தாத்தா. ஆனால் இப்ப தம்பிதான் ஏறுகிறவன்" என்றாள்.

அந்தத் தம்பி ஏறுவதற்கு முன்னர் யாராவது கணக்குக் கேட்க வேண்டும். நான் கேட்கத் தொடங்கிவிட்டேன். நீங்களும் கேளுங்கள்.